கழுத்தில் வந்த கறுப்பு

"விழுந்து படுங்கோ! படுங்கோ!"

ரவி கத்துகிறான். என் மனைவி வசந்தியின் தம்பி. ஓடிக்கொண்டிருக்கிறோம். வன்னியின் கிழக்குக் கரை. 2009 ஏப்ரல். செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்கால். தூரத்தில் ஒரு குத்து. பிறகு விசில். விசில் நின்றால் ஷெல் தலைக்கு மேலே. நிற்கிறது.

மணல் எழும்புகிறது. காதுக்குள் இரைச்சல். வசந்தி வயிற்றைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் விழுகிறாள். எட்டு மாதம். மகன் கபிலன் என் முதுகில். ஐந்து வயது. ஓடும்போது அவன் பாரம் தெரியவில்லை. அந்த நேரத்தில் அது வசதியாக இருந்தது.

பங்கர் என்றால் மணலில் தோண்டிய குழி. மேலே பனங்குற்றிகள். சேலையில் தைத்த மண்மூட்டைகள். அதற்குள் பதினெட்டு நாள் இருந்தோம். என்னிடம் ஒரு பள்ளிக் கொப்பி இருந்தது. தை மாதம் முதல் எழுதிவந்தேன். எத்தனை ஷெல். எத்தனை மணிக்கு. வசந்தி என்ன சாப்பிட்டாள். எழுதினால் அடுத்த நாள் வரும் என்று நினைத்திருக்கலாம்.

வியாழன். கஞ்சி கொடுக்கிறார்கள். வரிசை நீளம். கபிலன் கையில் அலுமினியச் சட்டி. ஊற்றிவிட்டார்கள். ரவி எங்களுக்குப் பின்னால், பத்துப் பேர் தள்ளி. மணி ஒன்பது இருபது. விசில் கேட்கவில்லை. வெளிச்சம் மட்டும்.

எழுந்தபோது என் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ரவி நின்ற இடத்தில் ஒரு குழி. கபிலன் உட்கார்ந்திருந்தான். நெஞ்சில் சிறிய ஓட்டை. ரத்தம்கூட அதிகம் இல்லை. "அப்பா, கஞ்சி ஊத்துப்பட்டுட்டுது" என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு அதிகாலை அதே பங்கருக்குள் யாழினி பிறந்தாள். ஷெல் விழும்போது வசந்தி கத்தினாள். நின்றபோதும் கத்தினாள். சவர பிளேடால் கொடியை அறுத்தேன். பிள்ளை அழவில்லை. முனகியது. நிறுக்கத் தராசு இல்லை. ஒரு கைக்குள் அடங்கியது. தாயிடம் பால் இல்லை.

மறு வருடம் தமிழ்நாட்டுக்குப் படகேறினோம். சமவெளியில் முகாம். பிறகு அனுமதி வாங்கி, பெயின்ட் வேலைக்காகக் கொல்லிமலை வந்தேன். குண்டூர் நாடு என்ற மலைப்பகுதியில் ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது. இந்தப் பிள்ளைக்குப் பசி என்பதே தெரியக்கூடாது என்று வசந்தி முடிவு செய்திருந்தாள். முகாமிலேயே தொடங்கிவிட்டது. வீட்டுச் சீனி முழுவதும் யாழினிக்கு. டின்பால். வெள்ளைச் சோறு. பிஸ்கட். பிள்ளை கிடுகிடுவென்று பருத்தது.

பக்கத்து வீட்டுக் காளியம்மா மிளகும் சாமையும் பயிரிடுகிறவர். வாய் சும்மா இருக்காது. "ஏனுங்க வசந்தி, புள்ளைய பலாக்காயாட்டம் உருட்டி வச்சிருக்கீங்களே! எங்கூட்டுக் கழுதைங்க சாமைச்சோறு தின்னுட்டு முருங்கக் குச்சியாட்டம் நிக்குதுங்க."

அன்று மாலை வசந்தி மிளகாய் சுற்றிப் போட்டாள். அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான்.

பதினான்கு வயதில் யாழினியின் பிடரியில் கறுப்புப் படர்ந்தது. தடிப்பாக, வெல்வெட் துணிபோல. வசந்தி அழுக்கென்று நினைத்தாள். பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள். ஒவ்வொரு வெள்ளியும். தோல் உரிந்தது. ரத்தம் வந்தது. "விடும்மா! எரியுது, விடும்மா!" நான் வெளியே நின்று கேட்டேன். தடுக்கவில்லை. கறுப்புப் போகவில்லை.

போன ஆடி மாதம் ரத்தம் பார்த்தோம். சர்க்கரை. பதினாறு வயதில். ரத்தம் எடுத்த பெண் சிரித்தார். "தின்னே வரவச்சுக்கிட்டியா கண்ணு?"

யாழினி சாப்பிடுவதை நிறுத்தினாள். எங்களுக்குத் தெரியாது. மூன்று நாள் தட்டுச் சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கிறாள். நான்காம் நாள் திங்கள். டாக்டரைப் பார்க்கப் பேருந்தில் மலையிறங்குகிறோம். முள்ளுக்குறிச்சிப் பக்கத்து வளைவு. யாழினி நின்றபடியே சரிகிறாள். இரும்புக் கம்பியில் மண்டை மோதும் சத்தம். நெற்றி பிளக்கிறது. காளியம்மாவும் அதே பேருந்தில்.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க! புள்ள வுழுந்துருச்சு!"

ஐந்து தையல். டாக்டர் தைத்து முடித்துக் கழுத்தைப் பார்த்தார். "இவ வயித்துல இருக்கறப்ப நீங்க என்னங்கம்மா சாப்பிட்டீங்க?"

பதினாறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. வசந்தி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். பிறகு சொன்னார். "கருவுலயே பட்டினி கெடந்த உடம்புங்க. கெடைக்கறதைச் சேத்து வைக்கத்தான் அதுக்குத் தெரியும். இன்சுலின் சுரக்கற எடமும் சரியா வளந்திருக்காது. பொறந்தப்புறம் வேகமா சதை போட்டா, அதால தாங்க முடியாதுங்க. எல்லாருக்கும் இப்படி வரணும்னு இல்ல. ஆனா பட்டினி போட்டா இது சரியாகாது. கழுத்துல இருக்கறது அழுக்கும் இல்லீங்க, இந்த நோயோட அடையாளம். இனிமே தேய்க்காதீங்க."

வசந்தி தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பகல் வீட்டில் கொப்பியை எடுத்தேன். யாழினிக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். திங்கள்: கஞ்சி, அரைக் கோப்பை. செவ்வாய்: சீனி இல்லாத தேத்தண்ணி. புதன்: இல்லை. வியாழன்: இல்லை. அந்த வியாழன் எழுதியிருந்த மற்றதையும் வாசித்தேன். கபிலன் என்ற பெயரை அவள் அதுவரை கேட்டதில்லை. நாங்கள் சொன்னதில்லை.

"எனக்கு அண்ணன் இருந்தானா?"

"ஓம்."

வெகுநேரம் அழுதாள். "நாந்தான் தின்னு தின்னு வரவச்சேன்னு நெனச்சேன்பா."

காளியம்மா ஒரு தூக்கில் சாமைச்சோறும் அவரைக்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். "கண்ணு, பாதியாச்சும் தின்னு. இல்லீன்னா உங்கப்பன் இன்னொரு நோட்டு எழுத ஆரம்பிச்சிருவாரு." யாழினி மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். முழுவதும் சாப்பிட்டாள். மாத்திரையும் போட்டாள். மணி இரண்டு பத்து.

மறக்கக்கூடாதவர்களுக்காகக் கணக்கை இங்கே எழுதுகிறேன். கபிலன், ஐந்து வயது. ரவி, இருபத்து நான்கு. என் விரல்கள் இரண்டு. யாழினியின் பிடரித் தோல், இரண்டு வருடத்து வெள்ளிக்கிழமைகள். பிறக்கும் முன்பே அவளுக்குச் சேர்ந்திருக்க வேண்டிய சாப்பாடு, தை முதல் அவள் பிறந்த நாள்வரை கொப்பியில் உள்ளபடி தொண்ணூற்றாறு நாள்.