தாசில்தாருக்குப் போன தொடை

கபரஸ்தானுக்குப் போற வழிய அடைச்சிட்டாங்க. அவ்ளோதான். அதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

உங்களுக்கு அரை கிலோவா? எலும்போடவா? நில்லுங்க, வெட்டித் தரேன். புரட்டாசியில கறி வாங்க வந்த மொத ஆளு நீங்கதான். ஊரே நாமம் போட்டுகினு கத்திரிக்கா தின்னுது. அதான் ஈ ஓட்டிகினு கீறேன். எந்த கம்பெனி? ஓ... அதே கம்பெனியா. சரி, மூஞ்சிய மாத்தாதீங்க. நீங்க மெஷின் ஓட்டறவரு. கம்பி போட்டவன் வேற ஆளு. அந்தக் கோவத்த உங்க கறியில காட்ட மாட்டேன்.

கேட்டீங்க, சொல்றேன். எனக்கு வளவளன்னு பேசறது புடிக்காது.

இந்தாண்ட சேரப்பணஞ்சேரி பக்கமா திரும்பினா எங்க பள்ளிவாசல். முப்பது வூடு. பள்ளிக்குப் பின்னால ஒரு வண்டிப்பாதை, நேரா கபரஸ்தான், எங்க இடுகாடு. எங்கப்பா, அவரு அப்பா, எல்லாரும் அந்த வழியாதான் போனாங்க. யாரும் திரும்பி வந்து வழி சரியில்லன்னு சொன்னதில்ல. ஃபேக்டரிக்கு எடம் அளந்தவன் பாதையையும் சேர்த்து அளந்துட்டான். சித்திரையில முள்ளுக்கம்பி. அந்த மாசமே ஒரு மவுத்து. மய்யத்த தோள்ல வெச்சிகினு ஏரிக்கரைய சுத்தி மூணு மைலு நடந்தோம். முன்னால தூக்கினவன் சேத்துல வுழுந்தான். அசிங்கமாப் போச்சு.

வூட்ல எங்கக்கா கீது, குல்சும் பீ. எண்பது வயசு. அஞ்சு மாசமா படுக்கை. ‘புருசன் பக்கத்துல என்னைக் கொண்டுபோயி வை. அந்தப் பாதையிலதான் தூக்கிகினு போவணும். சேத்துல போட்டீங்கன்னா எழுந்து வந்து அறைவேன்’னு சொல்லுது. செய்யும். சின்ன வயசுல நான் வாங்கியிருக்கேன்.

பள்ளிவாசலுக்கு நான்தான் முத்தவல்லி. நிர்வாகம் பூரா என் தலையில. மனு குடுத்தேன். தாசில்தாரு பேரு பலராமன். நேர்ல வந்தாரு. பாதையப் பார்த்தாரு, பழைய சர்வே படத்தப் பார்த்தாரு. ‘நியாயம் உங்க பக்கம்தான் பாய், பத்து நாள்ல உத்தரவு போட்டுடறேன்’னாரு. போனாரு. அப்புறம் மூணு மாசம்... ஃபைலு நகரல. ஒரு ஆபீசரு வாயால சொன்னது கையால வரலன்னா அந்த வாய் எதுக்கு?

ஏன் நகரலன்னு கேக்கறீங்களா? கேக்கலியா? சொல்றேன். போவாதீங்க, இன்னும் கொத்தவே இல்ல.

நடுவுல பக்ரீத்து வந்துச்சு. ஆடு அறுத்து குர்பானி குடுத்தா கறிய மூணு பங்கு போடணும். வூட்டுக்கு ஒண்ணு, சொந்தக்காரங்களுக்கு ஒண்ணு, ஏழைங்களுக்கு ஒண்ணு. பங்கு போட்டுகினு கீறேன், கையில ஒரு பின்தொடை. முழுசு. ரெண்டே முக்கா கிலோ. பத்து நாளு கெடு மறுநாளு முடியுது. தாசில்தாரு கறி தின்றவருன்னு விசாரிச்சு வெச்சிருந்தேன். பண்டிகை நாளு, அக்கம் பக்கத்துக்குக் குடுக்கறதுதானே? மந்தார எலையில கட்டி, மேல மனுவோட நகல சொருகி, ‘ஞாபகத்துக்கு’ன்னு எழுதி, அவரு வூட்டுக்கே அனுப்பிட்டேன்.

ஏன் சிரிக்கறீங்க?

சாயந்தரமே திரும்பி வந்துருச்சி. கட்டு பிரிக்கல. கூட ஒரு சீட்டு. ‘இத்தனை பெரிய தொடைக்கு என் வீட்டில் சட்டி இல்லை. இனி உங்கள் மனுவில் நான் கை வைக்க முடியாது.’ அவ்ளோதான். கோபாலுன்னு ஒருத்தன், அந்த ஆபீஸ் பியூனு, நம்ம கஸ்டமரு. அவன் சொல்றான், உத்தரவு டைப் அடிச்சி மேசை மேல இருந்துச்சாம். மறுநாளு கையெழுத்தாம். இப்ப போட்டா தொடைக்குப் போட்டாருன்னு ஊரு சொல்லும். மனுசன் ஃபைல எடுத்து அலமாரியில பூட்டிட்டாரு.

நான் சும்மா வுடுவனா? ஆட்சி பண்றவன் அநியாயம் பண்ணா மூஞ்சிக்கு நேரா சொல்லணும், அது பெரிய ஜிஹாதுன்னு ஜும்மாவுல கேட்டிருக்கேன். இருபது பேர லாரியில ஏத்தினு போனேன். ஆபீஸ் நடுவுல நின்னேன். ‘தொடைய திருப்பித் தரத் தெரியுது, பாதைய திருப்பித் தரத் தெரியலியா’ன்னேன். நல்ல பேச்சு. எனக்கே புடிச்சிருந்துச்சு. என்னா ஒண்ணு... தொடை விஷயம் அதுவரிக்கும் தாசில்தாருக்கும் கோபாலுக்கும்தான் தெரியும். அன்னியிலேர்ந்து கிளார்க்கு, டைப்பிஸ்ட்டு, டீக்கடை வரிக்கும் தெரிஞ்சி போச்சு.

வூட்டுக்கு வந்தா அக்கா. ‘தம்பி, ஏழைங்க பங்குலேர்ந்து எடுத்து அனுப்பினியே, தாசில்தாரு ஏழையா?’ படுத்துகினே கேக்குது.

பள்ளியில பாங்கு சொல்ற மோதினாரு ஒருத்தர் கீறார். வாயே தெறக்க மாட்டாரு. மைக்குல மட்டுந்தான் சத்தம். அன்னிக்கு சாயந்தரம் மக்ரிபு தொழுகை முடிஞ்சி, எல்லாரும் போற வரிக்கும் காத்துகினு இருந்து, எங்கிட்ட வந்தாரு. ‘ரசூலுல்லா காலத்துல வரி வசூலுக்குப் போன ஒருத்தரு, இது எனக்கு வந்த அன்பளிப்புன்னு கொஞ்சம் எடுத்து வெச்சிகினாராம். உங்கம்மா வூட்லயே குந்திகினு இருந்தா இது உங்களத் தேடி வந்திருக்குமான்னு நபி கேட்டாங்களாம்’னாரு. எனக்கு எரிஞ்சிது. ‘சரி, கத்தனதாவது சரிதானே’ன்னேன். ‘ஃபிர்அவ்ன் மாதிரி கொடுங்கோல் ராஜாகிட்ட மூஸா நபிய அனுப்பும்போதே மென்மையா பேசுன்னுதான் அல்லா சொல்லி அனுப்புனான். பலராமன் சாரு ஃபிர்அவ்னும் இல்ல, நீங்க மூஸா நபியும் இல்ல’ன்னாரு. பார்த்தீங்களா? வாயே தெறக்காத ஆளு. ‘நான் ஒரு தடவ போயிப் பார்க்கட்டுமா’ன்னு கேட்டாரு. ‘நீ போயி இன்னா பேசுவ, பாங்கு சொல்லுவியா’ன்னேன்.

போயிட்டாரு.

மொத பஸ்ஸு. மத்தியானம் வரிக்கும் வெளிய பெஞ்சில குந்திகினு, எல்லாரும் சாப்பிடப் போன பொறவு உள்ள போயி நின்னாராம். டீ குடுத்தா குடிக்கல, அன்னிக்கு அவரா வெச்ச நோன்பு. கோபாலு கதவாண்ட நின்னு கேட்டிருக்கான். மொத பேச்சே என்னா தெரியுமா? ‘ஐயா, எங்க முத்தவல்லி பண்ணது தப்பு. அவரு மேல என்ன எழுதணுமோ எழுதுங்க.’ என் மேல சார். நான் சம்பளம் குடுக்கற ஆளு.

அப்புறம் சொன்னாராம். ‘பாதை நியாயம்னு நீங்களே கண்ணால பார்த்தீங்க. கறி தப்புன்னா பாதையும் தப்பாயிடுமா? ஊரு பேசும்னு பயந்து நியாயத்த நிறுத்தி வெச்சீங்கன்னா, அதுவும் அந்தக் கறி பண்ண வேலைதான். தின்னாமலே அது உங்கள வளைச்சிடுச்சி.’ தாசில்தாரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாராம். ‘அஞ்சு வேளையும் உங்களுக்கு துவா கேக்கறேன் ஐயா. கையெழுத்து போடணும்னு இல்ல, நீங்க நியாயமா நிக்கணும்னு’ன்னு சொல்லிட்டு எழுந்து... எங்க எழுந்து, அவருதான் குந்தவே இல்லியே.

நானும் அந்த ஆபீசருக்கு துவா கேட்டுகினுதான் இருந்தேன். வேற மாதிரி.

தாசில்தாரு ஒரு வழி சொன்னாரு. பழைய மனுவ வாபஸ் வாங்கிடுங்க. புதுசா குடுங்க. திரும்ப வந்து ஊருக்கு முன்னாலயே விசாரிக்கறேன். ஆனா கறி அனுப்பனவரு பேரு அதுல இருக்கக் கூடாது.

முப்பது வருசமா முத்தவல்லி சார் நான். பள்ளிவாசல் கரண்டு பில்லு கூட என் பேர்ல வருது. முடியாதுன்னுட்டேன். ரெண்டு நாளு சோறு எறங்கல. மூணாம் நாளு அக்கா கூப்பிட்டுச்சு. ‘உனக்கு உன் பேரு வேணுமா, நான் போற வழி வேணுமா?’

இன்னா பண்றது. ஒத்துகினேன். தாசில்தாரையும் போயிப் பார்த்தேன். ‘தப்பு’ன்னேன். ஒரே வார்த்தை. தலைய ஆட்டினாரு. வந்துட்டேன். புது மனுவ என்னாண்ட காட்டினாங்க, நான் படிக்கல. என் பேரு இல்லாத மனுவ நான் எதுக்குப் படிக்கணும்?

விசாரணை வந்துச்சு. ஊரே வந்துச்சு. ஆடு மேய்க்கற கெழவி ஒண்ணு, பேரு சின்னப்பொண்ணு, ‘நாப்பது வருசமா இந்தப் பாதையிலதான் இவங்க சாவு போவுது, நான் ஆட்ட ஓரம் கட்டுவேன்’னு தானா வந்து சொல்லுச்சு. உங்க கம்பெனி ஆளும் படத்தப் பார்த்துட்டு சரின்னுட்டாரு. நேத்து கம்பிய அறுத்தாங்க. அக்காகிட்ட ஓடிப் போயி, வழி தொறந்தாச்சுக்கான்னேன். ‘அதுக்கு இப்ப இன்னா அவசரம்’னு எழுந்து குந்திகினு ஆட்டுக்கால் சூப்பு கேக்குது. அதோ, அந்த நாலு காலும் அதுக்குத்தான். கேக்காதீங்க.

இந்தாங்க உங்க கறி. பேசிப் பேசி முக்கா கிலோ வெட்டிட்டேன், எடுத்துகினு போங்க. பயப்படாதீங்க, உங்ககிட்ட ஆவ வேண்டிய வேல எனக்கு ஒண்ணுமில்ல.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பதினோரு வருசமா மோதினாரே, மோதினாரேன்னுதான் எல்லாரும் கூப்புடறோம். பேரு என்னான்னு நான் கேட்டதே இல்ல. நேத்து உத்தரவு கைக்கு வந்துச்சு. பள்ளி வாசல்ல நின்னு சத்தமா படிச்சேன். ‘மனுதாரர்’னு போட்டு, பக்கத்துல தெளிவா டைப் அடிச்சிருக்கு. ஷேக் தஸ்தகீர்.