நான்கு சதவீதம் மறுகை

சரக்கைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. ஆனாலும் எங்கள் ஆய்வகத்தில் மாலை டீ நான்தான் போடுவேன் சார். போடி ஏலக்காயைத் தட்டிப் போட்டால் எல்லோர் முகமும் தெளியும். என்னால் ஆனது அவ்வளவுதான் என்று நினைப்பேன்.

கெங்குவார்பட்டிக்கு மேற்கே மலையடியில் எங்கள் தொழிற்சாலை. காசநோய் மருந்துக்கான மூலப்பொருளைச் செய்கிறோம். அந்த மூலக்கூறு வலது கை, இடது கை போல இரண்டு வடிவில் வரும். பார்க்க ஒன்று போலிருக்கும், ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. ஒரு கை கிருமியைக் கொல்லும். மறுகை கண் நரம்பைக் கெடுக்கும். அதைச் செய்யும் கலனை மைனஸ் முப்பது டிகிரியில் வைத்திருந்தால் வேண்டிய கை மட்டும் உண்டாகும். குளிர் விட்டால் மறுகையும் சேர்ந்துவிடும்.

கலனைப் பார்ப்பவள் பாண்டீஸ்வரி. போன வருடம் வீரபாண்டித் திருவிழாவில் மகளுக்காகத் தீச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தாள். முதலாளி விடுப்புத் தரவில்லை. நான் கிறிஸ்தவன்தான், ஆனாலும் ஒரு தாயின் நேர்த்திக்கடனைத் தடுக்க மனம் வரவில்லை. இரண்டு மணி நேரம் போய் வரச் சொன்னேன். அவள் திரும்பியபோது கலன் மைனஸ் ஐந்தில் நின்றது.

சோதித்தேன். மறுகை நான்கு சதவீதம். அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முதலாளிக்குத் தெரிந்தால் அன்றே அவளை அனுப்பிவிடுவார். முந்தைய சரக்கின் மாதிரியை இயந்திரத்தில் போட்டு, வந்த முடிவுத் தாளில் இந்தச் சரக்குக்கென்று கையெழுத்திட்டேன்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

"நீங்க பாத்துக்கிறேன்னு சொன்னீகளேண்ணே. சரி, அதைக் கீழ கொட்டிருங்க. வேலை போனாப் போகுது."

பயத்தில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். முதலாளி என்னிடமும் காரணம் கேட்டிருப்பார், அதுவும் உண்மைதான்.

அல்லிநகரத்தில் எங்கள் சபையில் ஜான்சி என்று ஒரு பெண். ஆறு மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிட்டாள். ஒரு ஞாயிறு காலை ஆராதனையில் என் பக்கம் சாய்ந்து, "ஏண்ணே, இன்னைக்கு லைட்டு போடலையா?" என்றாள். ஜன்னல் வழியே வெயில் அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

அவளுடைய மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். எங்கள் சரக்கு போகும் கம்பெனிதான். டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டாள். காட்டினால் மாத்திரையைச் சோதிப்பார்கள், பாண்டீஸ்வரி பெயர் வரும். சத்துக் குறைவு என்று சொல்லி, வாரம் ஒரு கிலோ கேரட் வாங்கிக் கொடுத்தேன். இப்போது அவளுக்குக் கண் சுத்தமாகத் தெரியவில்லை. ஞாயிறுதோறும் நான்தான் கைபிடித்து ஆலயத்துக்குக் கூட்டிப்போகிறேன். அவளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை சார்.

அந்த ஒரு முறையோடு நிறுத்தினேனா என்றால், இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கஷ்டம் வருகிறது. பதினோரு தாள்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். கடைசியாகப் போன வாரம், இன்னொரு ஷிப்டில் கலனைப் பார்க்கும் ஜெய்லானி பாய்க்கு. மகள் கல்யாண வேலையில் கலனைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். அந்தச் சரக்கு இன்று காலை லாரியில் போய்விட்டது. பாய்க்கு இது தெரியாது. சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வார்.