இருநூறு மூச்சு

தெய்வானை அக்காவுக்கு,

தொழில்முனைவோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி இரண்டு முறை நினைவூட்டிவிட்டீர்கள். வேலை அதிகம், தாமதத்துக்கு மன்னிக்கவும். ‘தொழிலையும் உடல்நலத்தையும் குமுதா எப்படிச் சமன் செய்தார்’ என்பது நீங்கள் கொடுத்த தலைப்பு. அவள் தொழிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அவள் உடல்நலம் கணவனாக என் பொறுப்பில் இருந்தது.

குமுதாவுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. ஆஸ்துமா உள்ளவள் மசாலா அரைக்கும் தொழிலுக்கு வந்திருக்கக் கூடாது. வந்தாள். பிரிக்பீல்ட்ஸில் நான் தொடங்கிய இணைய மளிகைக் கடையைப் பதினோராவது மாதம் மூடினேன். அடுத்த மாதமே அவள் வீட்டு மிக்ஸியில் மல்லி அரைத்தாள். நான் வாங்கிவைத்து மீந்த பெட்டிகளில்தான் முதல் ஐம்பது பாக்கெட்டும் போயின. என் கடையின் பெயர்மேல் அவள் பெயரை ஒட்டினோம். நான்தான் ஒட்டினேன்.

ஐந்து வருடத்தில் கிள்ளானில் சொந்தமாக ஆலை, இரண்டு வேன், ஒன்பது ஆட்கள். நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் குமாஸ்தா. பட்டம் வாங்கியவன் நான்.

அவள் தன்னைக் கவனித்ததே இல்லை. மாலையில் நான் போனில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க மாட்டாள். கடைக்காரர்கள் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பாள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர்களோடு சிரித்துப் பேசுவாள். கொஞ்சம் ஓய்வெடு என்றால், “இந்த தீபாவளி மட்டும் ஓட்டிட்டு நிறுத்திக்கிறேன் விமல்” என்பாள். நான்கு தீபாவளிகளாக அதையே சொன்னாள்.

அதனால் இன்ஹேலரை நான் பார்த்துக்கொண்டேன். அதன் முதுகில் ஒரு சிறிய எண் தெரியும். புதியதில் இருநூறு. அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகக் குறையும். ஞாயிறுதோறும் அவள் பையைத் திறந்து எண்ணைப் பார்ப்பேன். இருபதுக்குக் கீழே போனால் மாற்றிவைப்பேன். அவள் ஒருமுறைகூட அந்த எண்ணைப் பார்த்ததில்லை.

போன வருடம் பிரிக்பீல்ட்ஸில் உங்கள் சங்கத்தின் விருது விழா. மேடையில் நீங்கள் இதே கேள்வியைத்தான் கேட்டீர்கள். “பிசினஸ நான் பாத்துக்குறேன் அக்கா, என்னை அவரு பாத்துக்குறாரு. நல்ல டீல் லா” என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். சாப்பாட்டு வரிசையில் ஒருவர் என் தோளைத் தட்டி, “பாஸ், நீங்கதான் குமுதா ஹஸ்பண்டா? அவங்க கம்பெனியிலதான் வேலையா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்க நேரமில்லை, பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

ஆலையில் ஒரு முறை உண்டு. முதலில் மல்லி, பிறகு மஞ்சள், மிளகாய் கடைசி. மிளகாயை முன்னால் போட்டால் மற்றத் தூளிலும் காரம் ஏறிவிடும். மிளகாய் நேரத்துக்குக் குமுதா பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குக் கிளம்பிவிடுவாள். ஆலையில் வேலை செய்யும் பவுனம்மாள் அக்கா முகத்தில் துணி கட்டிக்கொண்டு அரைப்பார்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை நான் பவுனம்மாள் அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

“மிளகாய முதல்லயா? என்னா தம்பி புதுசா இருக்கு?”

“குமுதாதான் சொல்லச் சொன்னா அக்கா. அவசர ஆர்டராம்.”

“மொதலாளியம்மா சொன்னா சரி. மூக்கு எனக்குத்தானே எரியப் போவுது” என்று சிரித்தார்.

குமுதா குளித்துக்கொண்டிருந்தபோது பையிலிருந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டு பழையதை வைத்தேன். அதில் மீந்திருந்ததை அழுத்தித் தீர்த்திருந்தேன், எண் பூஜ்யம். அவளைத் தண்டிக்க நினைக்கவில்லை. ஒருமுறை மூச்சு முட்டினால் தனக்கும் ஓர் உடம்பு இருப்பது நினைவுக்கு வரும் என்று நினைத்தேன். மற்ற ஆட்கள் இரண்டு வேனிலும் சரக்கோடு போயிருந்ததால் என் காரில்தான் ஆலைக்குக் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் போனில் பேசிக்கொண்டே வந்தாள். இறங்கும்போதும் பேசிக்கொண்டே கையை மட்டும் ஆட்டினாள்.

சாலைக்கு எதிர்ப்புறம் காரை நிறுத்தினேன். புது இன்ஹேலர் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் வெளியே வந்து கேட்டிருந்தால் உடனே கொடுத்திருப்பேன்.

இருபது நிமிடம் கழித்து உள்ளே போனேன். பொட்டலம் போடும் அறையில், மேசைக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள். பக்கத்து அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் பவுனம்மாள் அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் இன்ஹேலரை மாற்றி வைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மருத்துவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தொழில் தொழில் என்று உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்த எல்லாரும் சொன்னார்கள். நீங்களும் சொன்னீர்கள். அது உண்மைதான்.

பவுனம்மாள் அக்கா மட்டும் இப்போது என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். தன்மேல்தான் தவறு என்று நினைக்கிறார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மலரில் போட வேண்டாம் என்றால் போலீஸில் கொடுங்கள். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். நான் காரில் இருந்தபோது போன் அடித்தது. அவள் பெயர். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கல்யாணமான ஏழு வருடத்தில் அவள் என்னை அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிட்டதில்லை. மூன்றாவது முறையும் கூப்பிட்டாள். அணைந்த பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர்கள் யாரையும் அவள் கூப்பிடவில்லை, பிறகு அவள் போனில் பார்த்தேன். மூன்றுமே எனக்குத்தான்.

விமலன்