தெளிந்த வானத்தில் இரண்டு தசம் நான்கு

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. திருகோணமலை வானிலை அலுவலகத்துக்குக் காலை 8.34க்கு வந்த அழைப்பு. வானம் தெளிவு. கச்சான் எனும் தென்மேல் காற்று பலமாக வீசுகின்றது.

சுஹைரா: ...எட்டரைக்குப் பாத்தன். ரெண்டு தசம் நாலு மில்லிமீற்றர். எழுதிட்டீங்களா புள்ள?

லோஜினி: ரெண்டு தசம் நாலோ? குறிஞ்சாக்கேணியிலயோ?

சுஹைரா: வேற எங்க? மழைமானி என்ட வளவுலதானே இரிக்கி.

லோஜினி: இஞ்ச திருகோணமலையில, கந்தோர் வாசல்ல வெயில் மண்டையைப் பிளக்குது, ராத்தா.

சுஹைரா: களப்புக்கு இஞ்சால வேற வானம்.

லோஜினி: சரி... எத்தனை மணிக்குத் தொடங்கினது?

சுஹைரா: சுபஹுத் தொழுகைக்கு முந்தி. முதல்ல தூறல். பொறகு கொஞ்சம் உரப்பா அடிச்சி.

லோஜினி: இடி?

சுஹைரா: இடி இல்ல. இடிச்சா முன் வீட்டு முனீப்ட மாடு கத்தும். கத்தல்ல.

லோஜினி: அந்த மாட்டையும் ஒரு கருவியாப் பதிஞ்சு விடுவம்.

சுஹைரா: பால்தான் தராது, இந்த வேலையாவது பாக்கட்டும். நீங்க சாப்பிட்டீங்களா?

லோஜினி: பாணும் சம்பலும். ராத்தா, நான் ஒரு விசயம் சொல்லோணும்...

சுஹைரா: காத்து எந்தப் பக்கம் எண்டு இன்னும் கேக்கல்லயே.

லோஜினி: ராத்தா...

சுஹைரா: கச்சான்தான். முருங்கைக் கொப்பு ஒண்டு முறிஞ்சி போச்சி.

லோஜினி: நாளையில இருந்து நீங்க போன் எடுக்கத் தேவையில்லை. கேக்குதோ?

சுஹைரா: கேக்குது... ஆரு செல்லித் தந்த? பக்கத்து வளவு மஜீதுதானா?

லோஜினி: என்னத்தை?

சுஹைரா: மழை பெய்யல்ல எண்டு.

லோஜினி: பெய்யேல்லையோ?

சுஹைரா: பெய்யல்ல புள்ள. இண்டைக்கும் இல்ல, போன கிழமையும் இல்ல. சைபர்தான்.

லோஜினி: அப்ப இந்த ரெண்டு தசம் நாலு?

சுஹைரா: வாயில வந்திச்சி. சைபர் எண்டா நீங்க 'சரி ராத்தா' எண்டு வெச்சிடுவீங்க. மழை எண்டா... எப்ப, எவ்வளவு நேரம், இடியா, காத்தா எண்டு கேப்பீங்க.

லோஜினி: ...ஓம்.

சுஹைரா: இஞ்ச ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கிறல்ல. மகள் தோப்பூர்ல. எடுப்பா. 'உம்மா, மருந்து குடிச்சீங்களா?' ஓம் எண்டு நான் செல்லி முடியிறதுக்குள்ள வெச்சிடுவா.

லோஜினி: ராத்தா, நான் சொல்ல வந்தது...

சுஹைரா: இனி சைபர் எண்டா சைபர் எண்டே செல்றன். மழைமானிய மட்டும் எடுத்திராதீங்க.

லோஜினி: அதுக்காக இல்லை. ஆரும் உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. இந்த லைனை வெட்டுகினம். இனி எல்லாம் மெசின்.

சுஹைரா: ...மெசின் பொய் செல்லாது.

லோஜினி: முனீப்ட மாட்டைப் பற்றியும் சொல்லாது.

சுஹைரா: பகிடி பண்ணாதீங்க.

லோஜினி: என்ட சொந்த நம்பர் தாறன். எழுதுங்கோ.

சுஹைரா: என்னத்துக்கு?

லோஜினி: கதைக்க.

சுஹைரா: என்னத்தச் செல்லி எடுக்கிற? மழை பெஞ்சா எடுக்கலாம். பெய்யாட்டியும், பெய்யல்ல எண்டு செல்ல எடுக்கலாம். சும்மா ஒரு ஆளுக்கு எடுத்து... ஏலாது புள்ள. வெக்கம்.

லோஜினி: வெக்கமோ? இவ்வளவு காலமும் கதைச்சிட்டு?

சுஹைரா: அது அரசாங்க வேலை.

லோஜினி: சம்பளம் இல்லாத அரசாங்க வேலை.

சுஹைரா: சம்பளம் இல்லாட்டியும் அதுக்காகத்தான் எடுத்த. காரணம் ஒண்டு இருந்திச்சி. இனி ஒண்டும் இல்ல... சரி, வெக்கிறன் அப்ப.

லோஜினி: நில்லுங்கோ. வைக்காதேங்கோ.

சுஹைரா: உங்களுக்கு வேலை இரிக்கும்.

லோஜினி: மெசின் பூட்டினது சித்திரையில, ராத்தா. அதுக்குப் பிறகு நீங்க சொன்ன ஒரு கணக்கையும் நான் எழுதேல்லை. ஒவ்வொரு நாளும் எட்டரைக்கு முதல் வந்து, போனுக்குப் பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு... நீங்க எடுப்பீங்களோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.

காலை 8.53க்குத் தொடர்பு நின்றது.