பாதிப் பொறுப்பு

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கய்யா, எழுதறவருக்குக் காகிதம் பறக்குது. அவர் நிதானமா எழுதட்டும். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.

நேத்து நீங்க சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குதுங்க ஜட்ஜய்யா. நான் சொல்லித்தான் ஆகணும்னு கட்டாயம் இல்ல, சொன்னா அது எனக்கே எதிரா நிக்கும்னீங்க. யாராச்சும் மிரட்டிக் கூட்டியாந்தாங்களான்னு கேட்டீங்க. யோசிக்க ஒரு நாள் குடுத்தீங்க. யோசிச்சேன். யாரும் மிரட்டல. நானாத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்க மொதல்ல நம்பல. மூணு வருஷத்துக்கு முன்னால விபத்துன்னு முடிச்ச கேஸு, வீட்டுக்குப் போம்மான்னாங்க. மறுநாளும் போய் உக்காந்தப்புறம்தான் எழுதிக்கினாங்க.

பேரு கன்னியம்மாள். வயசு அம்பத்தி மூணு. பொதட்டூர்பேட்டை போற ரோட்டுல, திருத்தணியில இருந்து ஆறு கிலோமீட்டர்ல எங்க நிலம். ரெண்டரை ஏக்கரா. பாதி கரும்பு, பாதி வேர்க்கடலை. வீட்டுக்காரர் நெஞ்சு வலியில போனப்போ பையன் ஒம்பதாவது படிச்சுக்கினு இருந்தான். அருண்பாண்டியன்னு பேரு. அவனைப் படிக்க வெச்சேன். டிப்ளமோ முடிச்சு, ஒரு கம்பெனியில சேர்ந்தான். காலையில திருத்தணி ஸ்டேஷன்ல பைக்கை விட்டுட்டு ரயில் ஏறுவான். சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வீட்டுல இருப்பான். பொண்ணு பார்த்துக்கினு இருந்தோம். இருபத்தி நாலு வயசு.

அவன் செத்த இடம் வீட்டுல இருந்து நாலு கிலோமீட்டர். ரோடு ஒரு புளியமரத்தைச் சுத்தி வளையும். எதுக்க ஜல்லி லாரி நடுக்கோட்டைத் தாண்டி வந்துது. லாரிக்காரன் மேல எனக்குக் கோவம் கிடையாதுங்க. அவன் விடியக்காத்தால இருந்து ஓட்டிக்கினு இருந்தவன், கண்ணு அசந்துட்டான். கோர்ட்டுல என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அவனை அன்னிக்கே விட்டுட்டேன்.

நஷ்டஈடு கேஸு போடணும்னு சொன்னது எங்க வக்கீல் மணவாளன். நல்ல மனுசன். பையனோட சம்பளச் சீட்டு, வயசு, கல்யாணம் ஆகாதவன்னு எல்லாத்தையும் போட்டு ஒரு கணக்கு இருக்குதாமே, அதை எனக்குப் பொறுமையா சொல்லிக் குடுத்தாரு. கல்யாணம் ஆகாதவன்னா சம்பளத்துல பாதியைத் தனக்கே செலவு பண்ணியிருப்பான்னு வெச்சுக்குவாங்களாம். என் பையன் மாசம் ரெண்டாயிரத்துக்கு மேல தனக்குன்னு எடுத்ததில்ல. அதைச் சொன்னேன். சட்டத்துல அப்படித்தான்மான்னாரு. சரின்னுட்டேன். சட்டத்தோட எனக்கு எந்த வம்பும் இல்ல.

மூணாவது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனி தரப்புல ஒரு சாட்சியைக் கொண்டாந்தாங்க. தங்கவேலு. அந்த வளைவுல பஞ்சர் கடை வெச்சிருந்தவன். நாப்பது வயசு இருக்கும். விபத்தை நேர்ல பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். கூண்டுல ஏறி, சட்டை பட்டனைத் தொட்டுக்கினே சொன்னான். பையன் ஹெல்மெட்டுக்குள்ள போனைச் சொருவிக்கினு பேசிக்கினே வந்தான், சிரிச்சுக்கினே வந்தான், லாரியைக் கவனிக்கல, கொஞ்சம் கவனிச்சிருந்தா ஓரம் ஒதுங்கியிருக்கலாம்னு. யார் கூடப் பேசினான்னு அந்த வக்கீல் கேட்டாரு. தெரியாதுங்கன்னான்.

அப்புறம் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டாங்க. உங்க பையன் வண்டி ஓட்டறப்போ போன் பேசுவானான்னு. பேசவே மாட்டான், நான் கூப்பிட்டாக்கூட ஓரமா நிறுத்திட்டுத்தான் எடுப்பான்னேன். அது சத்தியம்.

தீர்ப்பு வந்தன்னிக்கு மணவாளன் என்னை வராண்டாவுல பெஞ்சில உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டினாரு. இருபத்தேழு லட்சம்னு கணக்கு வந்து, அதுல பாதியை வெட்டிட்டாங்க. பணம் போனதுக்காக நான் இதைச் செஞ்சேன்னு நினைக்காதீங்க. அந்த ஒரு வரி. இறந்தவரும் தன் மரணத்துக்குப் பாதிப் பொறுப்பு. அதை மட்டும் ரெண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். மேல்கோர்ட்டுக்குப் போலாமான்னாரு. வேணாம்னேன். என் பையன் பாதி தன்னைத்தானே கொன்னுக்கினான்னு அரசாங்கச் சீல் வெச்ச காகிதத்துல இருக்குது. அதை எழுத வெச்சது அந்த வாய். மேல்கோர்ட்டு அந்த வாய்க்கு என்ன செய்யும்?

வந்த பணத்துல ஒரு பழைய டிராக்டர் வாங்கினேன். ஒத்தைப் பொம்பளைக்கு எதுக்கு டிராக்டர்னு ஊர்ல கேட்டாங்க. ஏர் ஓட்ட வாடகைக்கு விடலாம்னேன். ஓட்டறதுக்குப் பக்கத்து ஊரு துரைக்கண்ணுவை வெச்சேன். பின் டயர் ரெண்டும் தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு. வித்தவர் நேர்மையானவர், டயர் மாத்திக் குடுத்துடறேன்மான்னாரு. அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.

தேஞ்ச டயர் அடிக்கடி பஞ்சர் ஆகும். அந்த ரோட்டுல டிராக்டர் டயரைக் கழட்டிப் பஞ்சர் ஒட்டறவன் தங்கவேலு ஒருத்தன்தான். மொத முறை கூப்பிட்டு அனுப்பினப்போ வாசல்லயே நின்னான். என் முகத்தைப் பார்க்கல. வேலை முடிச்சுட்டு காசு வேணாம்னான். கையில திணிச்சு, மோர் குடுத்து அனுப்பினேன். ரெண்டாவது முறை உக்காந்து குடிச்சான். மூணாவது முறை, உங்களுக்கு என் மேல கோவம் இல்லியாக்கான்னு கேட்டான். நீ பார்த்ததைச் சொன்ன, அவ்வளவுதானேன்னேன். அவன் கண்ணு கலங்கிப் போச்சு. அதுக்கப்புறம் அக்கா அக்கான்னு வீட்டு மனுசன் மாதிரி ஆயிட்டான். கடலை பிடுங்கினப்போ அவன் பொண்டாட்டி பிரேமாவுக்கு ஒரு மூட்டை அனுப்பினேன். அவ கோலாக் கருவாட்டுக் குழம்பு வெச்சுக் குடுத்தனுப்பினா.

அந்த வருஷத்துல பதினோரு முறை வந்தான். நான் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கினு இருப்பேன். ஜாக்கியை எங்க வெக்கிறான், முன் சக்கரத்துக்குக் கல்லு எப்போ போடறான், அச்சுக்கு அடியில முட்டுக்கட்டை எப்போ குடுக்கறான்னு. ஜாக்கியை இறக்கறதுக்கு அடியில ஒரு திருகு இருக்குது. கம்பியை விட்டு அரைச் சுத்து சுத்தினா போதும். அது என்ன இது என்னன்னு கேப்பேன், சலிக்காம சொல்லுவான். சொல்லிக் குடுக்கறதுல அவனுக்கு ஒரு சந்தோசம்.

ஆடிக் கிருத்திகை முடிஞ்ச மூணாம் நாள். மலைக்கு வந்த காவடிக் கூட்டமெல்லாம் வடிஞ்சு போயிருந்துச்சு. ரெண்டு நாளா வண்டிங்களுக்குப் பஞ்சர் ஒட்டி அவன் அசந்து போயிருந்தான். டிராக்டர் கடலைக் கொல்லையில நின்னுக்கினு இருந்துச்சு. பகல் பதினோரு மணி. துரைக்கண்ணுவை டீசல் வாங்கியார அனுப்பிட்டேன். தங்கவேலு சக்கரத்தைக் கழட்டிக் கீழ சாய்ச்சான். அடியில ஆயில் ஒழுகுது, அதையும் கொஞ்சம் பாருப்பான்னேன். படுத்து உள்ள நகர்ந்தான். முட்டுக்கட்டை இன்னும் குடுக்கலியேன்னு அவனே சொன்னான். நான் குடுக்கறேன்னு சொன்னேன்.

உள்ள இருந்துக்கினே பேசிக்கினு இருந்தான். பையன் பேச்சு வந்துச்சு. நானாத்தான் எடுத்தேன். கோர்ட்டுல ஒண்ணு மட்டும் நான் சொல்லலக்கான்னு ஆரம்பிச்சான். நான் அவனை முடிக்க விடல. ஜாக்கித் திருகுல அரைச் சுத்துதான். பெரிய சத்தம் ஒண்ணும் வரல. கொக்குங்க கூட எழுந்து பறக்கல.

போலீஸ் வந்தாங்க, பார்த்தாங்க, முட்டுக்கட்டை வெக்காம அடியில போனது அவன் தப்புன்னு எழுதிக்கினாங்க. இதோட முடிஞ்சிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன். ஆனா அவன் செத்தது எனக்குப் பத்தல. என் பையனுக்கு என்ன ஆச்சோ அது முழுசா அவனுக்கும் ஆகணும். அந்தக் காகிதம் வரைக்கும்.

பிரேமாவை மணவாளன்கிட்ட நான்தான் கூட்டிக்கினு போனேன். வண்டி என்னுது, இன்சூரன்ஸ் இருக்குது, கேஸு போடுன்னேன். சொந்தக்காரங்களே செய்ய மாட்டாங்கக்கான்னு என் கையைப் புடிச்சுக்கினா. ரெண்டரை வருஷம் நடந்துச்சு. வாய்தாவுக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போயிட்டு வந்தோம். சோத்தை ஒரே டப்பாவுல இருந்து சாப்பிட்டோம்.

சாட்சி சொல்ற நாள் வந்துச்சு. நேர்ல பார்த்தவ நான் ஒருத்திதான். கூண்டுல ஏறினேன். அவர் ஒரு கையில போனைப் புடிச்சுப் பேசிக்கினே வேலை செஞ்சாரு, முட்டுக்கட்டை குடுங்கன்னு நான் சொல்லியும் காதுல வாங்கல, சிரிச்சுக்கினே அடியில போனாருன்னு சொன்னேன். யார் கூடப் பேசினாருன்னு வக்கீல் கேட்டாரு. தெரியாதுங்கன்னேன்.

போன மாசம் தீர்ப்பு. நான் எதிர்பார்த்த மாதிரியே வந்துச்சு. பாதி வெட்டு. இறந்தவரும் பாதிப் பொறுப்பு. அதே வரி, ஒரு எழுத்து மாறல. பிரேமா முகத்தைப் பார்க்கறதுக்குன்னே பக்கத்துல உக்காந்திருந்தேன். எனக்கு அன்னிக்கு எரிஞ்சுது பாருங்க, அது அவளுக்கு எரியறதைப் பார்க்கணும். என்னைக் கேவலமாத் திட்டுவா, என் புருசனைப் பத்திப் பொய் சொன்னியேன்னு மயிரைப் புடிப்பான்னு நினைச்சேன். அதுக்குத் தயாராத்தான் இருந்தேன்.

அவ திட்டல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் கூடவே நடந்து வந்தா. அப்புறம் சொன்னா.

"நீங்க பார்த்ததைத்தானே சொன்னீங்கக்கா. உங்க மேல என்ன இருக்குது. அன்னிக்கு அவருக்கு போன் பண்ணது நான்தான். எடுக்கலன்னு நாலு முறை விடாம பண்ணேன். எண்ணெய் வாங்கியாங்கன்னு சொல்றதுக்கு. கூப்பிடாம இருந்திருந்தா இருந்திருப்பாரு."

பஸ் ஸ்டாண்டுல அத்தனை ஜனத்துக்கு நடுவுல, தலையைக் குனியாம, அழாம சொன்னா. மூணு வருஷமா எல்லார்கிட்டயும் இதைச் சொல்லிக்கினுதான் இருந்திருக்கா. அவ அம்மாகிட்ட, மாமியார்கிட்ட, அக்கம்பக்கத்துல. நான் கூப்பிட்டுத்தான் போயிட்டாருன்னு. அவளை யாரும் ஒண்ணும் சொல்லல. சொன்னாலும் கேட்டுக்கினு இருப்பா போல.

அன்னில இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கலீங்க. தங்கவேலுவைக் கொன்னதுக்காக இல்ல. அதை இப்பவும் செய்வேன். ஆனா பிரேமா சொன்னது தப்பு. அவ கூப்பிட்ட போனை அவன் எடுக்கவேயில்ல. சட்டைப் பையில கிடந்து அடிச்சுக்கினு இருந்துச்சு, அவ்வளவுதான். அவன் சாவுக்கும் அவ போனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் திருகைத் திறந்தேன், அவன் செத்தான். இதைத் தெளிவா எழுதிக்குங்க. ஒரு நகலை பிரேமாவுக்குக் குடுக்கச் சொல்லுங்க. ஒரு பொம்பளை தப்பே செய்யாம இப்படி ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறது எனக்குப் பொறுக்கல.

இன்னொண்ணும் எழுதணும். தங்கவேலு என் பையன் கேஸுல சொன்னது பொய். அதுதான் காரணம். அதை எழுதலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆங், கேளுங்க. தங்கவேலு கடைசியா சொல்ல வந்தது என்னன்னு கேக்கறீங்க. முடிக்க விடலன்னு சொன்னேன். அது சரியில்லீங்க. முடிச்சுட்டான்.

"அந்த போனை ரோட்டுல இருந்து நான்தான் எடுத்தேன்கா. லைன் கட்டாகல. அம்மான்னு பேரு இருந்துச்சு. நீங்க அலோ அலோன்னு கூப்பிட்டுக்கினே இருந்தீங்க. நான்தான் கட் பண்ணேன். வக்கீல் கேட்டப்போ தெரியாதுன்னுட்டேன். அதை வேற நீங்க சுமக்கணுமான்னுதான்."

சொல்லிட்டு, ஸ்பேனரைக் குடுங்கக்கான்னு கையை வெளிய நீட்டினான். அப்போதான் திருகைத் திறந்தேன்.

அதுக்காகத்தான் கொன்னேன்னு நீங்க எழுதக் கூடாது. அவன் வாயில இருந்து வேற யார் காதுக்கும் அது போகல, போயிருந்தாலும் எனக்கென்ன. பையன் செத்த அன்னிக்கு சாயங்காலம் பள்ளிப்பட்டுல இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க சம்மதம் சொல்லி அனுப்பினாங்க. கயல்விழின்னு பொண்ணு பேரு. அவன் வீடு வந்து சேரப் பத்து நிமிஷம் கூட இல்ல, எனக்குத்தான் மனசு தாங்கல, கூப்பிட்டேன். சந்தோசத்துல சிரிச்சான். தங்கவேலு கேட்டது அந்தச் சிரிப்புதான். ஆனா என் பையன் ஒழுங்கானவன்யா. எடுத்ததும் அவன் சொன்ன மொத வார்த்தையே, இரும்மா, ஓரமா நிறுத்திட்டுப் பேசறேன்னுதான். நிறுத்த வேணாம்டா, ஓட்டிக்கினே கேளுன்னு நான்தான் சொன்னேன்.