மூன்றாவது குவளை

பீரைப் பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்துக் குடிப்பவர்கள் அதைச் சுவைப்பதில்லை. தாகத்தை மட்டுமே தணித்துக்கொள்கிறார்கள். கடுங்குளிர்ச்சி, பீரின் குறைகள் அனைத்தையும் மூடி மறைத்துவிடும். நிலவறையின் இயல்பான குளுமையில் பரிமாறப்படும் பீர்தான் தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லும். அம்மணி, நீங்கள் நியூரம்பர்க் நகரத்திலிருந்து வந்த அதிகாரி. விசாரணை தொடங்கியதிலிருந்து தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள். ஆகவே, காஸ்பர் ரைன்லைனை நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது உங்களுக்கு விளங்க வேண்டுமானால், இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குவளையின் கழுத்தில் அரை லிட்டரைக் காட்டும் கோடு இருக்கிறதல்லவா? அது மயிரிழை அளவு தாழ்ந்திருந்தாலும் அந்தக் குவளையை விலக்கச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. அதைப் பயன்படுத்த நான் தயங்கியதில்லை. அத்துடன், மாவட்டச் செய்தித்தாளில் சனிக்கிழமைதோறும் ஒரு பத்தி எழுதிவந்தேன். எங்கள் பக்கத்தில் ஊருக்கொரு பீர் ஆலை உண்டு. ஒவ்வொன்றுக்கும் சென்று, குடித்து, நிறைகுறைகளை எழுதுவேன். திராட்சை மதுவைச் சுவைப்பவர்கள் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். பீரின் கசப்போ தொண்டையின் அடியில்தான் முழுமையாக விளங்கும். ஆகவே நாங்கள் விழுங்கித்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ‘அட்டகாசம்’, ‘சூப்பர்’ போன்ற சொற்களை நான் ஒருமுறைகூட எழுதியதில்லை.

ரெட்டா ஷோர் அம்மையார் தாமே பீர் காய்ச்சி விற்கும் மதுவிடுதியில் எங்கள் நண்பர் வட்டத்துக்கென்று ஒரு மேசை உண்டு. புதிய பீப்பாயைத் திறந்தால் முதல் குவளை எனக்குத்தான் வரும். நான் தலையசைத்த பிறகே மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். இதைச் சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். மனைவியும் மக்களும் இல்லாத ஒருவனுக்கு, ஓர் ஊரே அவனுடைய தலையசைப்புக்காகக் காத்திருப்பது சிறிய விஷயமன்று.

மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது நீங்கிய பிறகு மூக்குச் சற்றே ஓய்வெடுத்துக்கொண்டது. காப்பி வெந்நீராக இருந்தது. சோப்பு வெறும் வழுவழுப்பாக இருந்தது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஏனெனில், அதற்குள் வேறொரு திறமை என்னிடம் வளர்ந்திருந்தது. ஒரு பீரைக் காய்ச்சியவர் அதை ஊற்றித் தரும்போது, அவருடைய முகம் முழு விவரத்தையும் சொல்லிவிடும். நன்றாக வந்திருந்தால் குவளையை வைத்துவிட்டு அங்கேயே நிற்பார். தவறியிருந்தால் மேசையைத் துடைப்பார். கசப்பைக் கூட்டியிருந்தால் நம் புருவத்தைப் பார்ப்பார். நுரையின் ஆயுளையும், பக்கத்து மேசைக்காரர் அடுத்த குவளையைக் கேட்கும் வேகத்தையும் இதனுடன் சேர்த்துக்கொண்டால், மூக்கைத் தொந்தரவு செய்யாமலேயே பத்தி எழுதலாம். எழுதினேன். ஒருவரும் குறை கூறவில்லை.

காஸ்பர் ரைன்லைன், பக்கத்து ஊரில் பார்லியை முளைகட்டி வறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். முப்பது வயதைச் சற்றே கடந்தவர். தாம் குடித்த ஒவ்வொரு பீரையும் படமெடுத்து, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று கைபேசியில் போட்டுவிடுவார். நட்சத்திரம் என்பது கருத்தன்று. கருத்தை எழுதச் சோம்பல்படுபவர்களின் கைநாட்டு. அதைப் பல்லாயிரம் பேர் ஆவலோடு பார்த்தார்கள் என்பது இந்த நாட்டின் கல்வி எந்நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

சென்ற கோடையில் ரெட்டா புதிய பீர் ஒன்றைத் திறந்தார். முதல் குவளையை என் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அவர் முகம் பெருமிதத்தால் பளபளத்தது. ‘மழைநீர்போலத் தூய்மை’ என்று எழுதினேன். அதே வாரம் காஸ்பர் எழுதினார்: ‘ஊசிப்போன வெண்ணெய் நாற்றம். ஒரு நட்சத்திரம்.’ நொதித்து முடியுமுன் அவசரப்பட்டால் பீரில் அந்த நாற்றம் வருவதுண்டு. ரெட்டாவுக்கு அது ஏன் தெரியவில்லை என்பது பின்னரே விளங்கியது. அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சளி. தம் பீரைத் தாமே முகர முடியாமல், முழு நம்பிக்கையோடு ஊற்றித் தந்திருக்கிறார். ஆகவே, தவறு என்னுடையதன்று.

ஆனால் மேசையில் சிரிப்புத் தொடங்கிவிட்டது. இறைச்சிக் கடைக்காரர் ஆல்பனுக்கு வாய் அதிகம்.

“ஏன்யா ஓட்மாரு, நீ மழைத்தண்ணின்னு எழுதுனியேன்னு ரெண்டு புட்டி வாங்கிட்டுப் போனேன். என் பொண்டாட்டி அதை ரொட்டியில தடவிட்டாய்யா!”

எல்லோரும் சிரித்தார்கள். ரெட்டாவும் சிரித்தார். அடுத்த பீப்பாயைத் திறந்தபோது முதல் குவளை எனக்குத்தான் வந்தது. ஆனால் நான் தலையசைக்கும்வரை ஒருவரும் காத்திருக்கவில்லை.

நவம்பரில், குளிர்காலத்துக்கென்று காய்ச்சும் கெட்டிப் பீரைத் திறப்பார்கள். அதை போக் என்போம். அந்த விழா நாள்களில் முற்றத்துக் கொட்டகையிலுள்ள கரியடுப்பில் இரும்புக் கம்பிகளைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, குவளையில் ஒரு நொடி தோய்த்து எடுப்போம். அடியில் பீர் குளிர்ந்தே இருக்கும். மேலே நுரை மட்டும் சூடேறி, அதிலுள்ள இனிப்புக் கருகிப் பாகுபோல் மணக்கும். எங்கள் ஊரில் இரும்பைத் தோய்ப்பவன் நானே. அந்த மரப்பிடி என் கைக்கு நன்கு பழகியது.

விழாவின் முதல் நாள் பிற்பகலில் காஸ்பரும் வந்திருந்தார். ஆல்பன் பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டார்.

“ரெண்டு பேரும் இருக்கீங்க, இன்னைக்கே தீத்துக்குங்க! யார் மூக்கு மூக்கு, யார் மூக்கு கண்ணாடி மாட்டுற ஆணின்னு பாத்துருவோம்!”

“என் பீரை வச்சுப் பந்தயமா? குடிச்சுட்டுப் போவீங்களா, பேச வந்துட்டானுங்க” என்று ரெட்டா அதட்டினார்.

“வேணாம்ணே. ஐயா நம்மளெல்லாம்விடப் பெரியவரு” என்றார் காஸ்பர்.

அந்தத் தயவு எனக்குப் பிடிக்கவில்லை. நானே ஒப்புக்கொண்டேன். ஆலைகளில் நடத்தும் எளிய சோதனைதான். மூன்று மண்குவளைகள். இரண்டில் புதிய போக். ஒன்றில் மட்டும் சென்ற ஆண்டு மிஞ்சிப் பழசாகிப்போன போக். வேறாக இருப்பது எது என்று சொல்ல வேண்டும். மூத்தவனான நான் முகர்வது, காஸ்பர் ஊற்றுவது என்று முடிவாயிற்று. அவர் உள்ளே சென்று தனியாக ஊற்றி எடுத்துவந்தார். எது எதில் இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் முகம் சாத்திய கதவுபோல் இருந்தது. என் வாழ்நாளில் அப்படிப்பட்ட முகத்தைக் கண்டதில்லை.

ஒவ்வொன்றையும் இருமுறை முகர்ந்து, ஒருமுறை விழுங்கினேன். “மூன்றாவது” என்றேன்.

காஸ்பர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தின் கதவு ஒரு கணம் திறந்தது. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, “ஐயா சொன்னது சரி. மூணாவதுதான்” என்றார். கைதட்டினார்கள். ஆல்பன் என் முதுகில் ஓங்கித் தட்டினார். காஸ்பரோ மூன்று குவளைகளையும் தாமே எடுத்துச்சென்று சாக்கடையில் கொட்டினார், வேறு யாரும் அவற்றைச் சுவைத்துப் பார்க்காதபடி. போக் பீரைச் சாக்கடையில் கொட்டிய மனிதரை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை.

மறுநாள் நண்பகலில், விழாவின் இரண்டாம் நாளுக்காகக் கொட்டகையில் கம்பிகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். காஸ்பர் தனியாக வந்தார். குளிராக இருந்ததால் கதவைச் சாத்திவிட்டு, கவிழ்த்துவைத்த பீப்பாயின்மேல் அமர்ந்தார்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. நேத்து ரெண்டாவதுதான் வேற. யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்.”

கம்பியைக் கரியில் புரட்டிப்போட்டேன்.

“உங்களுக்கு வாசனையே தெரியல, இல்லையா? எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. கடைசிவரைக்கும் வீட்ல யார்கிட்டயும் சொல்லாமலே இருந்துட்டாரு, பாவம்.”

ஒரேயொரு சோதனையிலிருந்து இத்தகைய முடிவுக்கு வருவது முறையன்று. இருப்பினும் குறுக்கிடாமல் கேட்டேன்.

“ஒண்ணு தோணுது. உங்க மாதிரி எழுத எனக்கு ஏழு சென்மத்துக்கும் வராது. நான் மோந்து பாத்துச் சொல்றேன், நீங்க எழுதுங்க. பேரு உங்க பேராவே இருக்கட்டும். முதல் குவளை உங்களுக்குத்தான் வரணும். நான் பக்கத்துல உக்காந்து மெல்லமாச் சொல்லிடுறேன். என்ன சொல்றீங்க?”

முகம் படிப்பதில் நான் தேர்ந்தவன் என்று முன்பே சொன்னேன். அந்த முகத்தில் பொய் இல்லை, ஏளனமும் இல்லை. ஏளனமாக இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். ஆல்பனின் ஏளனத்தைக் கோடை முழுவதும் பொறுத்தவன் நான். காஸ்பரின் கண்களில் நீர் நின்றது. அவர் என்மீது இரக்கப்பட்டார்.

பீப்பாயில் குழாய் அறையும் மரச்சுத்தியல் கையெட்டும் தொலைவில் இருந்தது. அதை எடுத்து அவருடைய காதுக்கு மேலே ஒருமுறை அடித்தேன். பீப்பாயிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார், நினைவு தப்பவில்லை. மார்பின்மேல் முழங்காலை ஊன்றினேன். இளையவராயினும், அடியின் தாக்கத்தில் அவருடைய கைகளில் வலு இல்லை. பற்களுக்கிடையே பீப்பாயின் துளையை அடைக்கும் மரக்கட்டையைச் செருகி வாயைத் திறந்து, கம்பியை நாக்கின்மேல் வைத்தேன்.

நாக்கு ஈரமான தசை. குவளையில் தோய்க்கும்போது எழும் அதே ஓசைதான் எழுந்தது. சற்று நீண்டிருந்தது, அவ்வளவே.

கொலை செய்யும் எண்ணம் எனக்கு இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. அது இருந்திருந்தால் சுத்தியலே போதும். அளவு தவறிய குவளையை என்ன செய்வேனோ அதையே செய்தேன். தவறாகத் தீர்ப்புச் சொல்லும் கருவியைப் புழக்கத்திலிருந்து விலக்கினேன். ஆனால், நாக்கு ஐந்தாறு சுவைகளை மட்டுமே அறியும். பீரின் பெரும்பகுதியை அறிவது மூக்கு. இதைப் பல ஆண்டுகளாக என் வாசகர்களுக்குச் சொல்லிவந்திருக்கிறேன். வேலையைப் பாதியில் விடுவது என் வழக்கமன்று. ஆனால் கம்பி அதற்குள் கறுத்துவிட்டது. எனவே, அதை மீண்டும் கரியில் வைத்து, சிவக்கும்வரை காத்திருந்தேன்.

அந்த இடைவெளியில் என்ன நினைத்தேன் என்பதை அறிய விரும்புகிறீர்கள். எதையும் நினைக்கவில்லை. துருத்தியை மிதித்தேன். அவர் பேச முயன்றார், எழுந்தது பேச்சன்று. அவருடைய கை என் கால்சட்டையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. குழந்தை பற்றுவதுபோல் பற்றியிருந்தது. நான் அதை விலக்கவில்லை. கம்பி சிவந்ததும் குனிந்து, ஒரு துளைக்குப் பின் மற்றொன்றாக, வேலையை முடித்தேன். அதன்பின் அந்தக் கை தானாகவே விழுந்தது.

தொண்டை வீங்கி மூச்சடைத்ததால் இறந்தார் என்று மருத்துவர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அப்படியானால் அது வீக்கத்தின் செயல். அவருடைய தொண்டையை நான் தொடவே இல்லை.

ஓசை கேட்டு ரெட்டா வந்து கதவைத் திறந்தார். இரண்டடி வைப்பதற்குள் இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசலிலேயே வாந்தி எடுத்தார். பின்னால் வந்தவர் ஆல்பன். பன்றியை அறுத்துத் தோல் பொசுக்கியே வாழ்நாளைக் கழித்தவர். அவரும் திரும்பி ஓடினார். “ஐயோ, என்ன நாத்தம்டா சாமி! வெளிய வாடா ஓட்மாரு, வெளிய வா!” என்று முற்றத்திலிருந்து கத்தினார். பிறகு யாரோ கதவை இழுத்து வெளியே தாழிட்டார்கள். நீங்கள் வரும்வரை காஸ்பரின் அருகில் அமர்ந்திருந்தேன். பசித்தது. கொண்டுவந்திருந்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் அங்கேயே தின்றேன்.

அந்த நாற்றத்தில் எப்படி உட்கார்ந்து உண்ண முடிந்தது என்று இரண்டாம் முறையாகக் கேட்கிறீர்கள். உங்களுடன் வந்த இளைஞர் கதவைத் திறந்ததும் பின்வாங்கியதை நானும் பார்த்தேன். அம்மணி, சுத்தியலை ஒப்புக்கொள்கிறேன். கம்பியை, அது இருமுறை சிவந்ததை, அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்திட வேண்டுமோ அங்கே இடுகிறேன். எனக்கு வாசனை தெரியவில்லை என்று மட்டும் நீங்கள் எழுதக் கூடாது. கொட்டகையின் கதவும் சன்னல்களும் சாத்தியிருந்தன என்பது உண்மைதான். ஆயினும், அன்று காற்று எதிர்த்திசையில் வீசிக்கொண்டிருந்தது.