மத்ததெல்லாம் கொன்னுடு

ஆரணியிலிருந்து சேவூர் வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் போனில் சொன்னாள்: "மத்ததெல்லாம் கொன்னுடு. அந்தக் குழந்தைய மட்டும் விடு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் புடவைப் பையோடு இருந்த அம்மாள் கேட்டேவிட்டார்.

"யாரைம்மா கொல்லச் சொல்ற?"

"ஐயோ, ஆளுங்க இல்லக்கா. கம்ப்யூட்டர்ல ஓடுற வேலைங்க. நிறுத்துறதத்தான் கொல்றதுன்னு சொல்லுவோம். ஒரு பச்சக்குழந்தைக்கு வலிப்பு நிக்கவே மாட்டேங்குது. அதோட ஜீன் விவரத்த கிளவுடுல போட்டு அலசிகினு கீறோம். முடிஞ்சாதான் எந்த மருந்துன்னு டாக்டருக்குத் தெரியும். மத்த வேலைங்க எடத்த அடைச்சிகினு கீது."

"அப்ப ஜல்தியா கொல்லச் சொல்லு!"

"என் போனுக்கு வர்ற ஓடிபி சொன்னாதான் லைன்ல கீறவன் அந்த கம்ப்யூட்டர் உள்ளயே போக முடியும். இன்னும் வர்லியே."

சேவூர் ஸ்டாப்பில் ஆட்கள் இறங்கியாயிற்று.

"அண்ணே, விசில் ஊதாதீங்க. இத தாண்டினா டவர் இல்ல."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். பின்னாலிருந்து, "இன்னாய்யா பேஜாரு, வண்டிய எடு," என்று ஒருவர் கத்தினார்.

போன் டிங் என்றது. அவள் எண்ணைப் படித்தாள். பிறகு, "கொன்னுட்டியா? ஓடுதா?"

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் கண்டக்டர் பக்கம் திரும்பினார்.

"இப்ப ஊதுப்பா. குழந்த ஓடுது."